மணலில் படுத்திருக்கும் சுறாவைத் தொட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் முதன்முறையாக ஸ்கூபா டைவிங் போகிறேன். நண்பர் எடுத்த வீடியோவில் பழுப்பு நிறச் சுறா ஒன்று மணலில் அசையாமல் கிடக்கிறது. மூக்கருகே மீசை போல இரண்டு தொங்குகின்றன. நண்பர் அதன் வாலைத் தடவுகிறார், ஒன்றும் ஆகவில்லை. நீந்துவதை நிறுத்தினால் சுறா செத்துவிடும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அதற்கு உடம்பு சரியில்லையா? தொடலாமா? எந்தச் சுறாவுக்குப் பயப்பட வேண்டும்?

பதில்: தொடாதீர்கள். அந்தச் சுறாவுக்கு ஒன்றும் இல்லை, தூங்குகிறது. வம்பே அதில்தான்.

நீங்கள் படித்தது எல்லாச் சுறாவுக்கும் பொருந்தாது. 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் இருக்கின்றன. மூச்சு விடும் விதமும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. வெள்ளைச் சுறா, மாக்கோ போன்றவை வாயைச் சற்றுத் திறந்தபடி முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போகிற வேகத்தில் தண்ணீர் வாய்க்குள் புகுந்து செவுள் வழியாக வெளியேறும். ஆக்சிஜன் கிடைப்பது அப்படித்தான். வலையில் மாட்டி நின்றுபோனால் இவை மூச்சு முட்டிச் சாகும்.

உங்கள் நண்பர் தடவியது, நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், செவிலிச் சுறாவாக இருக்க வேண்டும். கன்னத் தசைகளால் தண்ணீரை உறிஞ்சிச் செவுளுக்குத் தள்ளும் திறமை இதற்கு உண்டு. எனவே ஓட வேண்டிய அவசியமில்லை. பகலெல்லாம் படுத்துக் கிடக்கும், சில சமயம் ஒன்றன்மேல் ஒன்றாக. இருட்டியதும் பாறை இடுக்குகளில் ஒளிந்திருக்கும் மீன், நண்டுகளை உறிஞ்சியே வெளியே இழுத்துத் தின்னும். சாதுவான பிராணிதான். ஆனால் வாலைப் பிடித்து எழுப்பினால் திரும்பிக் கவ்வும். அந்த உறிஞ்சும் வாய் கவ்வினால் சுலபத்தில் விடாது. மனிதர்கள் இதனிடம் கடி வாங்குவது பெரும்பாலும் இப்படி வம்புக்குப் போய்த்தான். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 60, 70 பேரைச் சுறா கடித்ததாகப் படிக்கிறோமே, அது சீண்டாமலே கடித்த கணக்கு. உங்கள் நண்பரைக் கடித்திருந்தால் வேறு பட்டியலில்தான் சேர்த்திருப்பார்கள்.

பவளப்பாறைப் பக்கம் போனால் இன்னும் சிலவற்றைப் பார்க்கலாம். துடுப்பு நுனி வெள்ளையாக இருப்பதும் செவிலிச் சுறா போலவே பகலில் குகைக்குள் படுத்திருக்கும். நுனி கறுப்பாக இருப்பது முழங்கால் அளவுத் தண்ணீரிலும் சுற்றும், ஆளைக் கண்டால் நழுவிவிடும். இவை இரண்டாலும் பெரிய தொல்லை இல்லை. சாம்பல் நிறப் பவளப்பாறைச் சுறாவிடம் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அது கோபத்தை உடம்பால் சொல்லிவிடும்: முதுகை வளைக்கும், மார்புத் துடுப்புகளைக் கீழே தாழ்த்தும், தலையை இருபுறமும் ஆட்டியபடி விறைப்பாக நீந்தும். அதைப் பார்த்தால் படம் எடுக்கத் துரத்தாமல், அதன்மேல் கண்ணை வைத்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். அதற்குப் போக வழி விட்டால் போதும்.

உண்மையாகவே பயப்பட வேண்டியவை என்றால் வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா மூன்றையும் சொல்வார்கள். மூன்றில் நான் அதிகம் யோசிப்பது காளைச் சுறாவைப் பற்றித்தான். சுறாவின் இரத்தத்தில் யூரியா நிறைய இருக்கும். கடலின் உப்புக்கு ஈடுகொடுக்கும் ஏற்பாடு அது. அதே உடம்போடு நன்னீருக்குள் வந்தால் தண்ணீர் உள்ளே ஏறி, உப்பு வெளியேறி, மற்றச் சுறாக்களில் பெரும்பாலானவை தாக்குப்பிடிக்காது. காளைச் சுறாவோ யூரியாவைக் குறைத்து, நீர்த்த சிறுநீரை ஏராளமாக வெளியேற்றிச் சமாளித்துவிடும். அமேசான் ஆற்றுக்குள் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் போயிருக்கிறது! கலங்கிய தண்ணீரில் அதற்கும் உங்களைச் சரியாகத் தெரியாது, உங்களுக்கும் அதைத் தெரியாது. ஆகவே ஆற்று முகத்துவாரம், அந்தி நேரம், மீனைக் குத்திப் பிடிப்பவர்களின் அருகாமை, இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். பளபளக்கும் நகை எதுவும் வேண்டாம், மீன் செதில் மின்னுவது போலத் தெரியும்.

திமிங்கிலச் சுறா கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். மீன்களிலேயே பெரியது, மிதவை உயிரிகளையும் சிறு மீன்களையும் வடிகட்டித் தின்பது. கடிக்காது, ஆனால் வாலடி பலமாக விழும். பக்கவாட்டில் தள்ளியே நீந்துங்கள்.

அப்புறம், படுத்திருக்கும் சுறா உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்கக் கை தேவையில்லை. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று தலைக்குப் பின்னால் இருக்கும் ஐந்து செவுள் பிளவுகளைக் கவனியுங்கள், சீராகத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.