கேமராவும் நம்ம ஊர் வெயிலும்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேலை, படிப்பு, விவசாயம் போக மிச்ச நேரத்தில் ஆசைக்குப் படம் எடுக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கல்யாண போட்டோ தொழில் பற்றிக் கேட்டவற்றை எடுத்துக்கொள்ளவில்லை, அது வேறு கணக்கு. ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில்.

பாலக்கோடு, கல்லூரி மாணவர்: அண்ணா, என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு. கேமரா வாங்கினால்தான் கத்துக்க முடியுமா?

இல்லை தம்பி, போனிலேயே ஆரம்பிக்கலாம். முதலில் லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள், விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் விளக்கெல்லாம் கோடுகோடாக இழுக்கும். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், அப்புறம் விரலை மேலே கீழே நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இந்த ஒரு பழக்கமே பாதிப் படங்களைக் காப்பாற்றும். ஜூம் செய்யாதீர்கள், நாலு எட்டு முன்னால் நடந்து போங்கள்.

ஏரியில் தூரத்தில் நிற்கும் நாரை வேண்டும், ஓடுகிற காளையை அசையாமல் நிறுத்த வேண்டும், போனால் முடியவில்லை என்று திரும்பத் திரும்ப முட்டும் பாருங்கள், அப்போது கேமரா வாங்குங்கள். பழையது போதும். வாங்கும்போது ஷட்டர் (உள்ளே வெளிச்சத்தை விட்டு மூடும் கதவு) எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸின் பின்பக்கம் போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள், நூல் நூலாக வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். கூடவே வரும் 18-55 மி.மீ. லென்ஸ் முதல் வருடத்துக்குத் தாராளம். அதற்குப் பிறகு காசு சேர்ந்தால் 35 அல்லது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கலாம், எஃப் எண் என்ன என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

தருமபுரி, பள்ளி ஆசிரியை: அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் எத்தனை வீடியோ பார்த்தாலும் குழம்புகிறது.

ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். மதகை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோம் என்பது அப்பர்ச்சர், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர். உள்ளே வந்த வெளிச்சம் போதவில்லை என்றால் கேமரா அந்தச் சிக்னலைப் பெருக்கிக் காட்டுவது ஐஎஸ்ஓ, பெருக்கப் பெருக்கப் படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சலும் கூடும். எஃப் எண் சின்னதாக இருந்தால் திறப்பு பெரிது என்பதுதான் எல்லோரையும் குழப்புவது. எஃப் 1.8 பெரிய திறப்பு, பின்னணி கலைந்து போகும். எஃப் 11 சின்னத் திறப்பு, முன்னாலிருக்கும் பாறையும் பின்னாலிருக்கும் மலையும் தெளிவாக வரும்.

மூன்றையும் ஒரே நாளில் பழக வேண்டாம். கேமராவை அப்பர்ச்சர் முன்னுரிமையில் (எஃப் எண்ணை நாம் வைத்தால் ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை) வைத்து எஃப் எண்ணை மட்டும் ஒரு வாரம் மாற்றிப் பாருங்கள். கணக்குப் பிடிக்கும் என்றால் ஒரு பழைய விதி சொல்கிறேன். மேகமில்லாத நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 வினாடி, 400 என்றால் 1/400. பிலிம் காலத்தில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள் இதை வைத்தே எடுத்தார்கள், நம் ஊர் சித்திரை வெயிலுக்கும் அப்படியே பொருந்தும்.

காவேரிப்பட்டினம், மாந்தோப்பு விவசாயி: தாத்தாவை வெள்ளை வேட்டி சட்டையில் எடுத்தேன். வேட்டி சாம்பலாகவும் முகம் கறுப்பாகவும் வந்தது. கேமரா கோளாறா?

கோளாறு இல்லை. கேமராவுக்கு வேட்டி தெரியாது, தாத்தா தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படத்தில் வெள்ளை அதிகம் இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும். பிளஸ் மைனஸ் போட்ட பட்டன் இருக்கிறதல்லவா, அதில் பிளஸ் 1 வைத்து எடுங்கள். கறுப்புக் காளை, மழையில் நனைந்த கருங்கல் பாறை என்றால் நேர்மாறு, மைனஸ் பக்கம் போக வேண்டும். தாத்தாவை உச்சி வெயிலில் நிற்க வைக்காமல் மாமர நிழலின் ஓரத்தில், வெளிச்சமான பக்கம் பார்த்து உட்கார வையுங்கள், கண் திறந்திருக்கும், கண்ணுக்குள் ஒரு சின்ன ஒளிப்புள்ளியும் விழும்.

மத்தூர், மளிகைக் கடைக்காரர்: சார், ஞாயிற்றுக்கிழமைகூடக் கடை உண்டு. லடாக், ஊட்டி என்று போய் எடுக்கிறவர்கள் படத்தைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கு. கடையில் உட்கார்ந்தபடி என்ன கத்துக்க முடியும்?

இந்தக் கேள்விக்காகவே மற்றதெல்லாம் எழுதலாம் என்று தோன்றியது. லடாக் போகிறவருக்கு அந்த இடத்தில் ஒரு சாயங்காலம்தான் கிடைக்கிறது. உங்களுக்கு ஒரே வாசல் வருடம் முழுக்கக் கிடைக்கிறது. வெளிச்சத்தைப் படிக்க அதைவிட நல்ல வசதி கிடையாது.

உங்கள் கடை எந்தத் திசை பார்த்திருக்கிறது? கிழக்கு என்றால் காலையில் வெயில் நேராக உள்ளே அடிக்கும், நிழலெல்லாம் கறுப்பாக விழும், சாமான் டின்களின் வரிசை, தொங்கும் பாக்கெட்டுகள், தராசு இதெல்லாம் அப்போது கோலம் போட்ட மாதிரி இருக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல் வெயில் வாசலை விட்டு விலகி, எதிர்ச் சுவரிலும் ரோட்டிலும் பட்டுத் திரும்பி மெதுவாக உள்ளே வரும். அதுதான் முகம் எடுக்கிற நேரம். கல்லாவுக்கு முன்னால் நிற்கிற ஆள் ரோட்டுப் பக்கம் லேசாகத் திரும்பினால் ஒரு கன்னம் வெளிச்சமாகவும் மறு கன்னம் மெல்லிய நிழலாகவும் இருக்கும், பின்னால் கடை இருட்டாக ஒதுங்கிக்கொள்ளும். ஸ்டுடியோவில் குடை விளக்கு வைத்து உண்டாக்குவது இதைத்தான். காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஐந்து என்று ஒரே தராசை ஒரே இடத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேமரா அமைப்பு எதையும் மாற்றாமலே படம் வேறாகிவிடும்.

அப்புறம், சரக்கு எடுக்கப் போவீர்கள் இல்லையா? ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு விடியற்காலையில் போனால் விளக்கு வெளிச்சமும் விடியலின் நீலமும் கலந்து நிற்கும். பனிக்காலத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகுத் தாளை ரோட்டில் பரப்பி வண்டிச் சக்கரம் ஏறட்டும் என்று விட்டிருப்பார்கள், தூசி பறக்கும்போது சூரியனைப் பார்த்து எடுங்கள், தூசியே வெளிச்சமாகத் தெரியும். தை, மாசியில் மாமரம் பூத்திருக்கும், கோடையில் திண்ணைகளில் புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். லடாக்கிலிருந்து ஒருவர் இங்கே வந்தால் இதையெல்லாம் பார்த்து ஏங்குவார், நான் மனதாரச் சொல்கிறேன்.

பென்னாகரம், தனியார் பஸ் நடத்துனர்: ஒகேனக்கல் அருவியைப் பட்டு மாதிரி எடுக்கணும். பகலில் வெறும் வெள்ளையாகப் போகுது.

நீர் வழுக்கி இறங்குவது தெரிய ஷட்டர் கால் முதல் அரை வினாடி திறந்திருக்க வேண்டும். வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்தாலும் 1/200 வினாடிதான் வரும், அதைவிட நீளமாகத் திறந்து வைப்பதால்தான் வெளுக்கிறது. லென்ஸின் முன்னால் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடியை மாட்டினால், ஒரு ஸ்டாப்புக்குப் பாதி என்று ஆறு முறை பாதியாகி, வெளிச்சம் 64-ல் ஒரு பங்காகக் குறைந்து ஷட்டர் ஏறக்குறைய 1/3 வினாடிக்கு வந்துவிடும். ட்ரைபாட் (முக்காலித் தாங்கி) கட்டாயம். ஃபில்டர் வாங்க முடியாவிட்டால் வெயில் ஏறும் முன்பே போய்விடுங்கள், அல்லது மேகம் மூடிய நாளில் போங்கள். சாரல் லென்ஸில் ஒட்டிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு படத்துக்கும் முன் மெல்லிய துணியால் துடைக்க வேண்டியிருக்கும்.

என் விருப்பம் கேட்டால், காவிரியை எல்லா நேரமும் பட்டாக ஆக்க வேண்டியதில்லை. கர்நாடக அணைகளைத் திறந்துவிட்டு நீர் செம்மண் நிறத்தில் இறங்கும்போது அதன் கோபத்தைக் காட்ட 1/1000 வினாடிதான் சரி. அந்தச் சமயம் பரிசல் ஓடாது, தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்று எடுங்கள். பாறை வழுக்கும், படத்துக்காக ஓரம் போகாதீர்கள்.

தருமபுரி, வரலாறு முதுகலை மாணவி: அண்ணா, நடுகற்களை ஆவணமாக எடுக்கிறேன். கல்வெட்டு எழுத்து தெரியவே மாட்டேங்குது. சிலர் சாக்பீஸ் தேய்க்கச் சொல்றாங்க.

தேய்க்கவே தேய்க்காதீர்கள் அம்மா. சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம், அது கல்லின் நுண்துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், எழுத்தை நாம் நினைத்தபடி வரைந்துவிடும் ஆபத்தும் உண்டு. நம் மாவட்டத்து நடுகற்களில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறித்தவை பல இருக்கின்றன, ஆயிரம் வருடத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்றவை, நம்மால் ஒரு கீறல்கூட விழக் கூடாது.

உங்களுக்கு வேண்டியது பக்கவாட்டு வெளிச்சம். கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி வெயில் விழுந்தால் ஒவ்வொரு வெட்டும் ஒரு சின்ன நிழல் போடும், எழுத்து தானாக எழுந்து நிற்கும். தெற்கு அல்லது வடக்கு பார்த்த கல்லுக்குக் காலையோ மாலையோ கிடைக்கும். கிழக்கு பார்த்த கல்லுக்குக் காலை வெயில் நேராக விழுவதால் எல்லாம் தட்டையாகிவிடும், பதினொன்றரை மணி வாக்கில் சூரியன் மேலேறி உச்சியிலிருந்து உரசும்போது வாருங்கள். மரத்தடியில், சுவரோரத்தில் இருக்கும் கல் என்றால் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போய், மேலே துணியோ குடையோ பிடித்து நிழலாக்கிவிட்டு, டார்ச்சைப் பக்கத்திலிருந்து தாழ்வாக அடிக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி டார்ச்சை மட்டும் இடம், வலம், மேல், கீழ் என்று மாற்றி நாலு படம் எடுத்தால், ஒன்றில் மறைந்த எழுத்து இன்னொன்றில் தெரியும். கேமரா கல்லுக்கு நேர் எதிரே இருக்கட்டும், சாய்ந்தால் எழுத்தின் அளவு மாறும். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒரு படம், கல் நிற்கும் சுற்றுப்புறத்தோடு ஒரு படம், எந்தத் திசை பார்க்கிறது என்ற குறிப்பு, இவை இல்லாவிட்டால் பின்னால் படிக்கிறவருக்குப் பயன்படாது. வழிபாட்டில் இருக்கும் கல் என்றால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பழகிப் பார்க்க தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலேயே நடுகற்கள் இருக்கின்றன, படம் எடுக்க அனுமதி என்ன என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரை: வயலில் வேலை செய்கிற அக்காக்களைக் கேட்காமல் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். முதலில் நிமிர்ந்து போஸ் கொடுப்பார்கள், அதையும் எடுத்துக் காட்டுங்கள், பத்து நிமிடத்தில் உங்களை மறந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள், அப்போது எடுப்பது நன்றாக இருக்கும். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

அஞ்செட்டி: யானைக் கூட்டம் வருதுன்னு சொன்னா பைக்கில் போய் எடுக்கலாமா சார்?

போகாதீர்கள். பன்னேர்கட்டா பக்கமிருந்து கேழ்வரகு முற்றும் காலத்தில் வரும் கூட்டத்தை நாலு பைக் சுற்றினால் அது மிரண்டு வயலுக்குள்ளும் ஊருக்குள்ளும் திரும்பும், அடிபடுவது வேறு யாரோ ஒரு விவசாயி. ஃபிளாஷ் அடிப்பது, நிற்கும் இடத்தை உடனே எல்லோருக்கும் அனுப்புவது இரண்டும் கூடாது.

ஓசூர், தொழிற்சாலைப் பணியாளர்: லைக் நிறைய வருது. ஆனா முன்னேறுகிறேனா இல்லையா என்றே தெரியலை.

லைக்கை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது, சூரியன் மறைவதற்கு எப்போதும் லைக் வரும். மாதக் கடைசியில் அந்த மாதம் எடுத்த எல்லாவற்றையும் திறந்து பத்தே பத்தை வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஏன் ஒதுக்கினேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். தலையிலிருந்து கரண்ட் கம்பம் முளைக்கிறது, பாதம் பாதியில் வெட்டுப்பட்டது, கண்ணை விட்டுக் காதில் போகஸ், ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை. ஒரே காரணம் மூன்று மாதம் திரும்ப வந்தால் அடுத்த மாதம் அதை மட்டும் கவனியுங்கள். கேமரா அனுமதித்தால் ரா கோப்பாகவும் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) சேமியுங்கள். வழக்கமான ஜேபெக் படம் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளோடு நின்றுவிடும், 14 பிட் ரா 16,384 படி வைத்திருக்கும், இருண்ட முகத்தை மேலே தூக்கும்போது வித்தியாசம் புரியும். திருத்துவதற்கு டார்க்டேபிள் என்ற கணினி மென்பொருள் இலவசம்.

நல்ல படங்களையும் பாருங்கள். மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், தமிழிலும் எழுதியவர், பல பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்த கேமராவைப் பயன்படுத்தியவர். அவர் யானைப் படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள்.

நல்லம்பள்ளி: வத்தல்மலையில் பால்வெளி எடுக்க முடியுமா?

முடியும். சித்திரை, வைகாசியில் அமாவாசையை ஒட்டி, நள்ளிரவுக்கு மேல் தென்திசை பாருங்கள். 18 மி.மீ., இருக்கிற பெரிய திறப்பு, ஐஎஸ்ஓ 3200, 15 வினாடி. சின்ன சென்சார் (வெளிச்சம் விழுந்து பதியும் சில்லு) கேமராவில் அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாகும். ஆட்டோ போகஸை நிறுத்திவிட்டு, திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி அது சின்னப் புள்ளியாகும்வரை கையால் திருப்புங்கள். ஓசூர் பக்கத்திலிருந்து எடுக்கிறவர்களுக்கு வடக்கு வானம் பெங்களூரு வெளிச்சத்தில் வெளுத்திருக்கும், நல்லவேளையாகப் பால்வெளியின் நடுப்பகுதி தெற்கே இருக்கிறது.

அரூர்: மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை வந்துடுச்சு. பீரோவில்தான் வச்சிருந்தேன்.

பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்ததால்தான் வந்தது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்டு வையுங்கள், நிறம் மாறும் வகை என்றால் ஈரம் ஏறியது தெரியும், சூடுபடுத்தி மறுபடி பயன்படுத்தலாம். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பூஞ்சை வந்த லென்ஸைத் தனியாக வைத்து, சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும் என்று முதலில் கேளுங்கள். 18-55 என்றால் பழைய லென்ஸ் இன்னொன்று வாங்குவதே மலிவாக இருக்கும்.