பழைய நிக்கான் டி90ல வீட்டுக்குள்ள குழந்தைய எடுத்தா எல்லாம் மங்கலா, புள்ளி புள்ளியா வருது. புது கேமரா வாங்கணுமா?

வேணாம்ங்க. டி90, கூட வந்த 18-105 சூம் லென்ஸ், அப்புறம் பழைய 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸ் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அது போதும். நானும் அதே பாடிலதான் (லென்ஸ் இல்லாத கேமரா) இன்னைக்கும் வீட்டு விசேஷம் எல்லாம் எடுக்குறேன், 2008ல வந்த கேமராதான், ஆனா நல்ல கேமராங்க.

முதல்ல அந்த 50ஐ மாட்டுங்க. எஃப் நம்பர்ங்கறது லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற துளையோட (அபர்ச்சர்) அளவு, நம்பர் சின்னதா இருந்தா துளை பெருசு. 18-105 சூம் பண்ணா எஃப் 5.6க்கு போயிடும், 1.8ல அதைவிட கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள வருது. 50 லென்ஸ் மேல இருக்குற அபர்ச்சர் வளையத்த 22ல வெச்சு லாக் பண்ணிடுங்க, இல்லன்னா கேமரா எஃப்இஇ-ன்னு (fEE) எரர் காட்டி கிளிக்கே ஆகாது. இன்னொன்னு, இந்த லென்ஸுக்குள்ள மோட்டார் கிடையாது, டி90 பாடில இருக்குற மோட்டார்தான் ஃபோகஸ திருப்புது, டி3500, டி5600 மாதிரி பாடி வாங்கினீங்கன்னா இதே லென்ஸ்ல கையாலதான் ஃபோகஸ் பண்ணணும்.

1.8ல கிட்டக்க போய் எடுத்தா ஒரு கண்ணு ஷார்ப்பா இருக்கும் இன்னொரு கண்ணு இருக்காது, அதனால 2.2, 2.5ன்னு வெச்சுக்கோங்க. ஃபோகஸுக்கு நடு பாயிண்ட் மட்டும் போதும், மங்கல் வெளிச்சத்துல மத்த பாயிண்ட் எல்லாம் தடுமாறும்.

நீங்க மங்கல்னு சொல்றது பெரும்பாலும் ஷட்டர் ஸ்லோவா, அதாவது ரொம்ப நேரம் திறந்து இருக்குறதாலதான், குழந்தை ஒரு இடத்துல நிக்காதே. ஓடுற குழந்தைக்கு ஷட்டர் ஒரு செகண்டுல 250ல ஒரு பங்கு (1/250) வேகமாவது வேணும். ஆனா நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், வேகமா எடுத்தா படத்துல பட்டை விழும், கலர் மாறும், அங்க மட்டும் 100ல ஒரு பங்கு (1/100) வெச்சு குழந்தை நிக்குற நேரம் பாத்து அமுக்குங்க.

ஐஎஸ்ஓவ (வெளிச்சத்த கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கற செட்டிங்) ஏத்த பயப்படவே பயப்படாதீங்க, 1600 தாராளமா போலாம், 3200கூட பரவால்ல. புள்ளிய அப்புறம் குறைச்சுக்கலாம், ஆடின படத்த ஒண்ணும் பண்ண முடியாது. 400ல இருட்டா எடுத்துட்டு கம்ப்யூட்டர்ல வெளிச்சத்த ஏத்துனா அதுதான் இன்னும் மோசமா வரும். ஜேபெக்ல இல்லாம, ரா (RAW) ஃபார்மட்ல எடுங்க.

பகல்ல ஜன்னல் ஓரமா உக்கார வெச்சு லைட்ட அணைச்சிடுங்க, ரெண்டு வெளிச்சமும் கலந்தா முகம் ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் மஞ்சள்னு ஆயிடும். காசு செலவு பண்ணியே ஆகணும்னா செகண்ட் ஹேண்ட்ல எஸ்பி-600 ஃப்ளாஷ் ஒண்ணு தேடுங்க, வெள்ளை சீலிங்கா இருந்தா மேல திருப்பி அடிங்க.