தீம் பார்க்குக்குத் தனியாகப் போனால் பொழுது போகுமா?

"தனியாகத் தீம் பார்க் போயிருக்கிறீர்களா? நாள் முழுக்கப் போரடிக்காதா? பார்ப்பவர்கள் ஒரு மாதிரி நினைக்க மாட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போயிருக்கிறேன். பொழுது போகுமா என்பது எந்த பார்க் என்பதைப் பொறுத்தது. சவாரிகளை மட்டும் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் இடமென்றால் மதியச் சாப்பாட்டுக்குள் சலித்துவிடும். அங்கே கத்துவதுதான் வேலை. கத்துவதற்குப் பக்கத்தில் தெரிந்த ஆள் வேண்டும். நின்று பார்க்க விஷயம் உள்ள இடமென்றால் கதையே வேறு. அங்கே கூட ஆள் இல்லாததுதான் பெரிய வசதி. இரண்டாவது வகைக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் நெதர்லாந்தின் எஃப்டெலிங்.

நான் அதே நாட்டில் ஐந்தோவன் என்ற நகரத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. குழந்தை இருக்கும் வீடுகளில் எஃப்டெலிங் போகாதவர்களைப் பார்ப்பது கடினம். தனியாகப் போகிறேன் என்று மதுரையில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னதற்கு, "புள்ளைங்க விளையாடற இடத்துல ஒத்தையா போய் என்னடி பண்ணுவ?" என்றாள். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் சவாரிகளை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் தனியாளுக்குக் கணக்கில் லாபம். பெரிய ரோலர் கோஸ்டர்களில் 'சிங்கிள் ரைடர்' என்று தனி வரிசை உண்டு. பாரன் 1898 என்ற கோஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியில் மூன்று இருக்கை வரிசை, ஒவ்வொன்றிலும் ஆறு பேர். ஐந்து பேர் கொண்ட குடும்பம் வந்து உட்கார்ந்தால் ஓர் இருக்கை காலி. அதைக் காலியாக அனுப்ப அவர்களுக்கு மனசு வராது. ஊழியர் நம் வரிசையைப் பார்த்து ஒரு விரலைக் காட்டுவார், நாம் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். பொது வரிசையில் முக்கால் மணி நேரம் என்று போட்டிருக்கும்போது பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏறிவிடலாம். எப்போதும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். எல்லாக் குடும்பமும் இரண்டிரண்டாக வந்து தொலைத்தால் நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். சவாரிக்கு முன்னால் கதை சொல்லும் காட்சிகளும் இந்தக் குறுக்கு வழியில் பெரும்பாலும் தவறிப்போகும்.

பாரன் 2015-ல் திறந்தது. தங்கச் சுரங்கம் தோண்டிய பேராசைக்காரன் கதை. வண்டி உச்சிக்குப் போய், மூக்கு கீழே பார்த்தபடி விளிம்பில் சில நொடி நிற்கும். காலுக்கடியில் தரை இல்லாத வண்டி. பிறகு 37.5 மீட்டர் நேர் கீழே, புகை கிளம்பும் குழிக்குள், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில். எனக்குப் பக்கத்து இருக்கையில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். விளிம்பில் நிற்கும்போது என் பக்கம் திரும்பி டச்சில் படபடவென்று ஏதோ கேட்டான். "யா, யா" என்று சொல்லிவைத்தேன். என்னத்துக்கு ஒப்புக்கொண்டேன் என்று இன்றுவரை தெரியாது. விழும்போது என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டான். இறங்கியதும் அவன் அம்மா வந்து மன்னிப்புக் கேட்டார், அவனோ திரும்பியே பார்க்காமல் மறுபடி வரிசைக்கு ஓடினான்.

யோரிஸும் டிராகனும் என்ற மரக் கோஸ்டரில் (2010) இரண்டு தண்டவாளம், இரண்டு வண்டி. ஒன்று நெருப்பு அணி, இன்னொன்று தண்ணீர் அணி. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பிப் போட்டி போடும். முன்பின் தெரியாத ஆட்களோடு சேர்ந்து எதிர் வண்டியைப் பார்த்துக் கத்தலாம், அதற்கு அறிமுகமே தேவையில்லை. பைத்தான் 1981-லிருந்து ஓடுவது, நான்கு முறை தலைகீழாகப் போகும். ஒரு தடவை போதும்.

சவாரி இவ்வளவுதான். நான் தனியாகப் போகச் சொல்வது தேவதைக்கதைக் காட்டுக்காக, அதாவது மரங்களுக்கு நடுவே ஒவ்வொரு கதையையும் வீடும் பொம்மையுமாகக் கட்டி வைத்திருக்கும் பகுதிக்காக.

எஃப்டெலிங் தொடங்கியதே அந்தக் காட்டிலிருந்துதான். 1951-ல் பிலிப்ஸ் நிறுவனம் தன் 60-ம் ஆண்டைக் கொண்டாடியபோது, பீட்டர் ரெய்ண்டர்ஸ் என்பவர் இங்கே ஐந்தோவனில் தற்காலிகமாக ஒரு தேவதைக்கதைத் தோட்டம் போட்டார். கூட்டம் குவிந்தது. அதே மாதிரி நிரந்தரமாக ஒன்று காட்ஸ்ஹேவல் ஊரில் இருக்கட்டும் என்று முடிவாகி, அன்டன் பீக் என்ற ஓவியரை வரைந்து தரக் கேட்டார்கள். அவர் தயங்கினார். அட்டையும் பூச்சும் வைத்துப் போலியாகக் கட்டுவதானால் வேண்டாம், நிஜச் செங்கல், நிஜ ஓடு, நிஜ மரம் என்றால் வருகிறேன் என்பது அவர் நிபந்தனை. 1952-ல் பத்துக் கதைகளோடு திறந்தார்கள். இன்று கிட்டத்தட்ட முப்பது இருக்கின்றன.

இந்தப் பின்கதை தெரிந்துகொண்டு போனால் பார்வையே மாறிவிடும். வீடுகளின் கூரை நடுவில் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும், புகைபோக்கி கோணலாக நிற்கும், ஓடுகளில் பாசி பிடித்திருக்கும். அத்தனையும் வரைபடத்தில் இருந்தபடியே கட்டியது. பாசி மட்டும் எழுபது வருட மழை போட்டது. குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைப் பார்க்க நேரம் கிடைக்காது. "அம்மா, அடுத்தது" என்று கை இழுபடும்.

தூங்கும் அழகியின் கோட்டையில் அவள் படுத்திருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு எல்லாரும் அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். கொஞ்சம் நின்றால்தான் அவள் மார்பு மெல்ல ஏறி இறங்குவது தெரியும். மூச்சுவிடுகிறாள். தெரிந்த பிறகு போகவே மனசு வராது. நெடுங்கழுத்தன் என்று ஒரு காவல்காரன் உண்டு, முதல் பத்தில் ஒருவன். சும்மா உட்கார்ந்திருப்பான், திடீரென்று கழுத்து மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். கழுத்து ஏறும்போது அவனைப் பார்க்காமல் எதிரே நிற்கும் குழந்தைகளைப் பாருங்கள். எல்லாத் தலையும் அதே வேகத்தில் பின்னால் சாயும். ஒரு சிவப்புச் செருப்பு ஜோடி கால் இல்லாமல் தனியாக ஆடும். பெரியவர்கள் குனிந்து கம்பி எங்கே, காந்தம் எங்கே என்று தேடுவார்கள். குழந்தைகளுக்கு அந்தக் கவலை கிடையாது.

பிறகு ஹொல்ல பொல்ல கைஸ். வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் குண்டன், உண்மையில் குப்பைத்தொட்டி. "பாப்பியர் ஹியர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான், அதாவது காகிதத்தை இங்கே போடு. வாயருகே காகிதத்தைக் கொண்டுபோனால் காற்று சர்ரென்று உறிஞ்சிக்கொள்ளும், உடனே நன்றி சொல்வான். 1959-லிருந்து இந்த வேலை நடக்கிறது. ஓர் அப்பா, கையில் குப்பை தீர்ந்துபோய், பார்க் வரைபடத்தையே சின்னச் சின்னதாகக் கிழித்து மகளிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொன்றாக ஊட்டினாள். ஊரைச் சுத்தமாக வைப்பதற்கு இதைவிட நல்ல யோசனையை நான் எங்கும் பார்க்கவில்லை. குப்பை இல்லாதவர்கள் குப்பையைத் தேடி அலைகிறார்கள்!

இந்தியர்கள் தவறவிடக் கூடாதது 'இந்திய அல்லிகள்'. 1966-ல் வைத்தது. குகை மாதிரி இருட்டுக்குள் நிற்க வேண்டும். கீழே ஒரு குளம், அல்லி இலைகள், தவளைகளின் வாத்தியக் குழு. சூனியக்காரியின் சாபத்தால் பூவாகிப்போன தேவதைகள் இரவில் உயிர் பெற்று ஆடுவார்கள். கதையை எழுதியவர் ஃபபியோலா. ஸ்பெயினில் பிறந்தவர், 1960-ல் பெல்ஜியத்தின் ராணியானார், இந்தக் கதை கல்யாணத்துக்கு முன்பே எழுதியது. சூனியக்காரி பாடும் குரல் பெருவைச் சேர்ந்த ஈமா சுமாக்குடையது. தவளைகள் வாசிப்பது பெர்ட் கெம்ஃபெர்ட் என்ற ஜெர்மானியரின் இசை. இதில் இந்தியா எங்கே என்றால் பெயரில் மட்டும்தான். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. தவளைகள் பிரமாதம்.

ஆனால் எல்லாவற்றையும் சிரித்துக் கடந்துவிட முடியாது. ஆப்பிரிக்கரை நரமாமிசம் தின்பவராகக் காட்டிய ஒரு சுழல் சவாரி இங்கே 1988-லிருந்து இருந்தது. பல வருடக் கண்டனத்துக்குப் பிறகு அதை எடுத்துவிட்டு 2022-ல் சிந்துபாத் கதையாக மாற்றினார்கள். இன்னும் முன்னாலேயே செய்திருக்கலாம்.

இன்னொன்று வில்லா வோல்டா, 1996-ல் வந்தது, அந்த வகையில் உலகிலேயே முதலாவது. ஒரு பழைய மாளிகை அறை, எதிரெதிரே பெஞ்சுகள். உட்கார்ந்ததும் நாம் தலைகீழாகச் சுற்றுவதுபோல் இருக்கும். பெஞ்சு கொஞ்சம்தான் ஆடுகிறது. சுவரும் கூரையும் தரையும்தான் நம்மைச் சுற்றி முழுசாக உருள்கின்றன. கண் ஒன்று சொல்ல, சமநிலையை உணரும் உள்காது வேறு சொல்ல, மூளை கண்ணை நம்பிவிடுகிறது. எதிர் பெஞ்சில் இருப்பவர்களின் கைகளைப் பாருங்கள். விழவே மாட்டோம் என்று தெரிந்தும் கம்பியை விடமாட்டார்கள். ரகசியம் தெரிந்த நானும் விடவில்லை.

தனியாகப் போவதில் தொல்லையே இல்லையா என்றால், இருக்கிறது. வரிசையில் நிற்கும்போது கழிவறை போக வேண்டும் என்றால் இடம் போச்சு, பிடித்துவைக்க ஆள் கிடையாது. பையைப் பிடித்துக்கொள்ளவும் ஆள் இல்லை. சின்னப் பையாக எடுத்துப் போங்கள், பெரியது என்றால் நுழைவாயிலருகே லாக்கர் உண்டு. சிங்கிள் ரைடர் இல்லாத இடங்களில் நமக்குத் தனி மரியாதை கிடையாது, ட்ரோம்ஃப்ளுக்ட் (தேவதைகளுக்கு நடுவே தொங்கும் பெட்டியில் போகும் சவாரி, 1993) அப்படித்தான். நீளமான வரிசை, நின்றே ஆக வேண்டும். ஆனால் போகாமல் வராதீர்கள்.

சாப்பாட்டுக்கு நான் உணவகம் தேடுவதில்லை. வறுத்த உருளைக்கிழங்கும் பான்கேக்கும் எங்கும் கிடைக்கும், சைவக்காரர்களுக்கு அதற்கு மேல் பெரிதாக ஆசைப்பட முடியாது. டப்பாவில் புளியோதரை கட்டிக்கொண்டு போய் மர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவேன். டச்சுக் குடும்பங்களும் வீட்டிலிருந்து ரொட்டியும் சீஸும் கொண்டுவந்து அதே பெஞ்சுகளில்தான் சாப்பிடுகிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சாப்பிட்ட கையோடு கோஸ்டர் வேண்டாம். பகோடா ஏறுங்கள், தாய்லாந்துக் கோயில் மாதிரி ஒரு மேடை, 45 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய் மெதுவாகச் சுற்றிக் காட்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் மலையே கிடையாது, காடும் வயலும்தான்.

"பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்" என்பதற்கு ஒரே வரி: யாரும் பார்க்கவில்லை. வருட பாஸ் வைத்துக்கொண்டு நடைப்பயிற்சிக்கு வருவதுபோல் தனியாக வரும் தாத்தா பாட்டிகள் அங்கே சகஜம். பெண்ணாகத் தனியாகப் போனதில் எனக்கு ஒரு சங்கடமும் வந்ததில்லை. போட்டோ வேண்டுமென்றால் குழந்தையோடு நிற்கும் அம்மாவிடம் கேளுங்கள், நாலைந்து எடுத்துத் தருவார், பதிலுக்கு அவர் குடும்பத்தை நாம் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

போவதாக இருந்தால் பள்ளி விடுமுறை இல்லாத வாரத்தில், செவ்வாய் வியாழன் மாதிரி ஒரு நாளில் போங்கள். வருடத்தின் 365 நாளும் திறந்திருக்கும், ஆனால் குளிர்காலத்தில் சில சவாரிகள் பராமரிப்புக்காக நிற்கும், அதை முன்னாலேயே அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும், இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். ஐந்தோவன் பக்கமிருந்து வருகிறவர்கள் ரயிலில் டில்பர்க் வந்து பஸ் பிடிக்கலாம். திறந்ததும் கோஸ்டர்களுக்குப் போய்விடுங்கள், காட்டை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், சின்னக் குழந்தைகள் களைத்துக் கிளம்பத் தொடங்கும் நேரம் அதுதான். மூடும் நேரத்தில் குளத்தில் அக்வானுரா என்ற நீரூற்றுக் காட்சி நடக்கும். அது முடிந்ததும் எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஏற முண்டியடிப்பார்கள், நீங்கள் அதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். தனியாள்தானே, எப்படியும் ஒரு சீட் கிடைத்துவிடும்.