53 பேருக்கு 6 வேன் போதுமா?

கேள்வி: கல்லூரியில் ஜாவா படிக்கிறேன். 53 மாணவர்கள், ஒரு வேனில் 8 பேர் என்றால் எத்தனை வேன் வேண்டும் என்று ஒரு புரோகிராம் எழுதினேன். மேத்.சீல்(53 / 8) என்று போட்டும் 6 தான் வருகிறது. சீல் மேலே ஏற்றித்தானே தர வேண்டும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சீல் மேல் தப்பில்லை அம்மா, அதன் கைக்கு வருவதே 6 தான். 53, 8 இரண்டும் முழு எண்கள். அதனால் ஜாவா அடைப்புக்குறிக்குள்ளேயே வகுத்து முடித்து, 0.625-ஐ உதறிவிடுகிறது. 6-ஐ எங்கே ஏற்றுவது?

சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு பில் போடும் புரோகிராம் எழுதியபோது இதே தவறை நானும் செய்தேன். கட்டுக்கு 25 காலண்டர். 1,010 காலண்டருக்கு 40 கட்டு என்று சீட்டு அடித்துக் கொடுத்தது. ராத்திரி லாரி கிளம்பிப் போன பிறகு பார்த்தால், பத்து காலண்டர் மேஜை மேலேயே கிடக்கிறது. அன்றிலிருந்து வகுத்தல் குறியைக் கண்டாலே மீதி எங்கே போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

வழி சுலபம். வகுக்கும் எண்ணில் ஒன்றைக் குறைத்து, வகுபடும் எண்ணோடு கூட்டிவிட்டு வகுங்கள்: (53 + 7) / 8. அறுபதை எட்டால் வகுத்தால் 7. மீதி ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த 7 சேர்ந்து முழு எட்டாகிவிடும். மீதியே இல்லையென்றால் வெறும் 7 எட்டை எட்டாது, விடை ஏறாது.

ஒரு எச்சரிக்கை. ஜாவாவில் முழு எண்களை வைக்கும் இன்ட் வகை 2147483647 வரைதான் தாங்கும். அதை ஒட்டிய எண்ணோடு கூட்டினால் எல்லை தாண்டி மைனஸில் போய் நிற்கும். அங்கெல்லாம் ஈவை எடுத்துக்கொண்டு, மீதி இருந்தால் மட்டும் 1 கூட்டுங்கள். மைனஸ் எண்களுக்கும் இந்தக் கூட்டல் வழி வேண்டாம். −53-க்கு −6 வர வேண்டிய இடத்தில் −5 தரும். ஜாவா 18 முதல் மேத்.சீல்டிவ் என்றே ஒரு வசதி உண்டு, இரண்டுக்கும் அது சரியாக வரும்.

சரி, திருத்தியதும் 56, 57 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். 7, 8 என்று வர வேண்டும்.