ஒரு அம்மி கேட்க மூன்று கிழமை

வணக்கம் அண்ணா,

மட்டக்களப்பில் இருந்து மாற்றலாகிக் கிளிநொச்சிக்கு வந்து நாலு மாதம். ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். வெள்ளி பின்னேரம் பஸ் ஏறினால் ஞாயிறு இரவுதான் திரும்புவேன். இங்குள்ள சனம் தங்களுக்குள்தான் பழகுது, வெளியாளைச் சேர்க்காது. தேங்காய் துருவ ஒரு திருவலை கூட இல்லாமல் தேங்காய்ப்பால் மாவில் கறி வைக்கிறேன். வீட்டுக்கார அம்மாவைக் கரைச்சல்படுத்த மனமில்லை. கனகபுரம், திருநகர், உதயநகர், எந்தப் பக்கம் நல்ல அயல்? வட்ஸ்அப் குழு ஏதும் இருக்கிறதா?

அன்புள்ள தங்கச்சி,

எந்தப் பக்கமும் இருக்கலாம். மாரியில் வெள்ளம் நிற்காத ஒழுங்கையாகப் பாருங்கள், போதும். வட்ஸ்அப் குழுவை விடுங்கள்.

வெளியாளைச் சேர்க்காது என்று எழுதியதுதான் எனக்குக் கோபம். கிளிநொச்சி 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். காடு வெட்ட வந்தவர்கள், 1977 கலவரத்தில் மலையகத்தில் இருந்து அடிபட்டு வந்தவர்கள், 1995இல் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருந்து ஓடி வந்த எங்களைப் போன்றவர்கள், எல்லாரும் பொட்டலத்தோடு வந்து இறங்கிய சனம்தான். நாலு மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இங்கே நின்றீர்கள்? சங்கக் கூட்டமும் சிரமதானமும் ஞாயிறில்தான் நடக்கும். ஒழுங்கையில் ஒரு செத்தவீடு என்றால் போய் ஒரு மூலையில் இருங்கள். அதற்கு ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள், சொல்லவும் தேவையில்லை.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்தத் திருவலைக்காக.

1995 ஒக்ரோபர் 30 இரவு வீட்டை விட்டு வெளிக்கிட்டு, பிறகு கிளாலிக் கடலால் வந்து, கிளிநொச்சிப் பக்கம் தருமபுரத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சைக்கிளில் சட்டி பானை வந்தது, பாய் வந்தது. அம்மியை யார் கட்டிக்கொண்டு வருவது? பக்கத்து வளவில் 77இல் மலையகத்தில் இருந்து வந்த ஒரு அக்கா. அவர் வீட்டு அம்மிச் சத்தம் ஒவ்வொரு காலையும் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். அம்மா கேட்கவில்லை. மூன்று கிழமை உப்பும் பச்சைமிளகாயும் கடித்துக்கொண்டு சோறு தின்றோம். கடைசியில் போய்க் கேட்டபோது அந்த அக்கா சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது: "ஏங்க்கா, ஒரு அம்மிய கேக்க மூணு வாரம் யோசிச்சீங்களா?"

அம்மியை இரவல் கொண்டுபோக முடியாது, அதனிடம்தான் போகவேண்டும். றோட்டால் சுற்றிப் போவது தூரம் என்று அன்றைக்கே அந்த அக்கா கத்தி எடுத்து வந்து வேலியில் இரண்டு கிளுவைக் கதியாலைப் பிடுங்கி, குனிந்து நுழைய ஒரு பொட்டு வைத்தார். மற்றக் கதியாலெல்லாம் பச்சையாய்த் துளிர்க்க, பொட்டுக்கு இரு பக்கமும் நின்ற இரண்டும் குனிந்து போகிறவர்கள் பிடித்துப் பிடித்து பட்டை தேய்ந்து கைபட்ட இடம் மட்டும் வழுவழுத்துக் கிடந்தன.

கரைச்சல்படுத்த மனமில்லை என்கிறீர்களே, நீங்கள் கேட்காமல் இருக்கிறவரைக்கும் அந்த வீட்டுக்கார அம்மாவும் உங்களிடம் ஒன்றும் கேட்கமுடியாது. பிரதேச செயலகத்தில் இருந்து வந்த படிவத்தை நிரப்பத் தெரியாமல் வைத்திருப்பார், காய்ச்சல் குளிசை வாங்க ஆளில்லாமல் இருப்பார். கந்தோர்ப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று அவரும் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். அம்மா அம்மி கேட்ட அடுத்த நாள்தான் அந்த அக்கா தன் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று வந்தார். பத்து வருசத்துக்கு மேலாக அடுத்த வளவில் இருந்தவர், எங்களுக்கு முன்னம் இருந்த குடும்பத்திடம் அதைக் கேட்டதே இல்லையாம்.

2009இல் எல்லாரும் ஓடினோம். முகாமால் 2010இல் திரும்பி வந்தபோது இரண்டு வீட்டுக்கும் கூரை இல்லை, வேலி இல்லை, பற்றைக்குள் அம்மி மட்டும் கிடந்தது, குழவியைக் காணவில்லை. அம்மாவும் அந்த அக்காவும் வீட்டைப் பார்க்கமுதல் அதைக் கழுவினார்கள். புதுக் கதியால் நட வந்த பெடியன் இரண்டு கதியாலுக்கு இடம் விடுபட்டுப் போச்சு என்று கூப்பிட்டான். விடு தம்பி, அது அப்பிடித்தான் என்று அம்மா சொன்னார்.

இந்த வெள்ளி பஸ் ஏறாதீர்கள். ஒரு தேங்காய் வாங்கி, உடைத்து, இரண்டு பாதியையும் கையில் கொண்டுபோய் அந்த அம்மாவின் குசினி வாசலில் நில்லுங்கள்.