முதுகுத்தண்டு நீரை மறுபடி எடுக்கச் சொல்வது ஏன்?

கேள்வி: சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட என் அண்ணனுக்கு மூன்று வாரமாகத் தலைவலி, விட்டு விட்டுக் காய்ச்சல். முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, காசநோய் மூளைக்காய்ச்சல் என்று மருந்து தொடங்கினார்கள். இப்போது பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம், மறுபடி நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். முதல் தடவையே கண்டுபிடித்திருக்க முடியாதா?

பதில்: தயங்காமல் சம்மதியுங்கள். பூஞ்சை மூளைக்காய்ச்சலில் ஒரே பரிசோதனையோடு முடிவுக்கு வர முடியாமல் போவது சகஜம்.

வழக்கமான பாக்டீரியா மூளைக்காய்ச்சல் ஓரிரு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். பூஞ்சை வாரக்கணக்கில் மெல்ல வளரும். மூளைக்காய்ச்சலின் அடையாளமான கழுத்து விறைப்புகூட இல்லாமல் போகலாம். நீரிலும் காசநோயில் காணும் அதே மாற்றங்கள்தான்: லிம்போசைட் எனும் வெள்ளை அணுக்கள் கூடுதல், புரதம் கூடுதல், சர்க்கரை குறைவு. இதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

அதிகம் காணப்படுவது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. நீரில் கறுப்பு மை கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், இதன் தடித்த உறைக்குள் மை புகாததால் இருட்டில் வெண்வளையம் போலத் தெரியும். முற்றிய எச்ஐவி நோயாளிகளிடம் கிருமி ஏராளம், எளிதில் தென்படும். உங்கள் அண்ணனைப் போன்றவர்களிடம் அது குறைவாக இருக்கலாம். மைச் சோதனை தவறவிடும். ஆகவே நீரிலும் ரத்தத்திலும் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் சோதனை (பூஞ்சை உறையின் பொருளைத் தேடுவது) செய்தார்களா என்று கேளுங்கள். நிமிடங்களில் முடிவு தெரியும், மிக நம்பகமானது. ஆனால் அது இந்த ஒரு பூஞ்சைக்கு மட்டுமே. ஆஸ்பெர்ஜிலஸ், கேண்டிடா போன்றவை கல்ச்சரிலும் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) பலமுறை சிக்குவதில்லை. சில பூஞ்சைகள் வளர வாரங்கள் ஆகும்.

நீரின் அளவும் முக்கியம். சில துளிகளில் கிருமியே இல்லாமல் போகலாம், 10 மி.லி. எடுத்தால் வாய்ப்பு கூடும். பயம் வேண்டாம், உடல் நாளொன்றுக்குச் சுமார் 500 மி.லி. சுரக்கிறது. ஸ்கேனில் கட்டியோ வீக்கமோ இல்லையென்றால் மறுபடி எடுப்பது பொதுவாகப் பாதுகாப்பானதே. அப்போதே அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அது 25 செ.மீ. நீர்மட்ட அளவுக்கு மேல் இருந்தால் நீரை வடிப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி.

முதுகில் ஸ்டீராய்டு ஊசி ஏதும் போட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். 2012இல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த அத்தகைய ஊசியால் சுமார் 750 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் அதிலுள்ள ரிஃபாம்பிசின், மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். சிறுநீரக மருத்துவருக்கும் தகவல் தெரிய வேண்டும். பார்வை மங்கினாலோ, பேச்சு தடுமாறினாலோ, வாந்தி ஓயாவிட்டாலோ அடுத்த முறைக்கான தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.