கிரிஸ்லி கரடி வேட்டைக்கு எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா?

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகன், வாஷிங்டன் மாநிலத்தில் வசிக்கிறேன். சில வருடங்களாக மான் வேட்டைக்குப் போகிறேன். கையில் .30-06 அளவுத் தோட்டா போடும் போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுவது) ஒன்று இருக்கிறது. அலாஸ்காவில் குடியிருக்கும் என் மச்சான் அடுத்த வருடம் கிரிஸ்லி வேட்டைக்குக் கூப்பிடுகிறார். .375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் என்ற வலுவான தோட்டா போடும் ரைஃபிள் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது என்கிறார் கடைக்காரர். 2,500 டாலர் வரை செலவழிக்க முடியும். புது ரைஃபிள் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை. ஆனால் எந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்று முதலில் மச்சானிடம் கேளுங்கள். அலாஸ்காவின் உள்பகுதி மலைகளில் திரியும் கிரிஸ்லி வேறு, கோடியாக் தீவிலும் அலாஸ்கா தீபகற்பத்திலும் சால்மன் மீன் தின்று வளரும் பழுப்புக் கரடி வேறு. இனம் ஒன்றுதான், உடம்பு ஒன்றல்ல. கோடியாக்கின் பெரிய ஆண் கரடி 680 கிலோ வரை போகும். உள்பகுதியில் பெரும்பாலும் அதில் பாதி எடைகூட இருக்காது.

கடைக்காரர் சொல்லும் .375 நல்ல கேலிபர்தான். 1912-இல் பிரிட்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் கொண்டுவந்தது. 300 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 2,500 அடி வேகத்தில் தள்ளும். குழல் முனையில் ஆற்றல் 4,000 அடி-பவுண்டுக்கு மேல். உங்கள் .30-06-க்கு அது 3,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். இந்த வித்தியாசத்தை உங்கள் தோளும் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு ரைஃபிளும் ஒரே எடை என்றால் .375-இன் உதை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உதைக்குப் பயந்தவர் விசையை அழுத்தும் நொடியிலேயே கண்ணை மூடித் தோளைச் சுருக்குவார், குண்டு வயிற்றில் போய்ப் பாயும். வயிற்றில் அடிபட்ட கரடி ஆல்டர் புதருக்குள் புகுந்துவிட்டால் எந்த மேக்னமும் உதவாது. அலாஸ்கா மீன், வனவிலங்குத் துறை வேட்டைக்காரர்களுக்குச் சொல்வதும் இதைத்தான்: சரியாகச் சுட வராத மேக்னத்தைவிட, கனமான நல்ல குண்டு போட்ட, கைக்குப் பழகிய .30-06 மேல்.

அதனால் உள்பகுதி என்றால் உங்கள் .30-06-ஐயே எடுத்துப் போங்கள். பணத்தைத் தோட்டாவிலும் பயிற்சியிலும் போடுங்கள். கோடியாக், தீபகற்பம் என்றால் நான் .338 வின்செஸ்டர் மேக்னம் வாங்கச் சொல்வேன். 1958-இல் வந்தது, அலாஸ்காக்காரர்களுக்கு மிகவும் பிடித்தது. அதன் உதையும் லேசில்லை. வேட்டைக்குச் சில மாதம் முன்பே வாங்கிப் பழக முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். கிளம்புகிற வாரத்தில் வாங்கிய புது ரைஃபிளோடு கரடிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள்.

வாங்கினால் துருப்பிடிக்காத ஸ்டீல் குழல், செயற்கைப் பொருளாலான பிடிக்கட்டை உள்ளதாகப் பாருங்கள். கடற்கரையில் நாள் முழுக்கத் தூறும், உப்புக்காற்று வேறு. வால்நட் கட்டை பார்க்க அழகுதான், ஈரத்தில் ஊதி நெளிந்து குறியை மாற்றிவிடும். ஸ்கோப் பெரிதாக வேண்டாம், 1.5-லிருந்து 5 மடங்கு வரை பெருக்கினால் போதும். கரடி பக்கத்தில் வரும்போது அதிகப் பெருக்கத்தில் வெறும் ரோமம்தான் தெரியும். மஸில் பிரேக் (குழல் முனையில் பொருத்தும் துளையுள்ள துண்டு) உதையைக் குறைக்கும், ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பக்கத்தில் நிற்பவரின் காதைக் கெடுக்கும். வேட்டையில் பக்கத்தில் நிற்கப்போவது உங்கள் மச்சான்.

இன்னொன்று, தோட்டாவை உள்ளே தள்ளும் விதம். மாசர் 98, இப்போதைய வின்செஸ்டர் மாடல் 70 போன்றவற்றில், தோட்டா மேகசினை (தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் பெட்டி) விட்டு மேலே வரும்போதே ஒரு நீண்ட கொக்கி அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் நிறுத்திப் பின்னால் இழுத்தாலும் அந்தத் தோட்டா வெளியே வந்துவிடும். ரெமிங்டன் 700 போன்றவற்றில் போல்ட் முழுதாக மூடும்போதுதான் கொக்கி பிடிக்கும். பாதியில் இழுத்தால் முதல் தோட்டா குழலின் பின்முனை அறையிலேயே கிடக்க, அடுத்தது அதன் மேல் போய் இடிக்கும். கரடி வேட்டைக்கு எனக்கு முதல் வகைதான் பிடிக்கும். இரண்டாவது வகையை வைத்திருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை, போல்ட்டை முழுதாக இழுத்துத் தள்ளப் பழகினால் போதும்.

உறவுமுறையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். வேறு மாநில அமெரிக்கர் அலாஸ்காவில் பழுப்புக் கரடி வேட்டையாட, உரிமம் பெற்ற வழிகாட்டி கூட வர வேண்டும். அல்லது அங்கே வசிக்கும், 19 வயது நிரம்பிய நெருங்கிய உறவினர் வர வேண்டும். மனைவியின் சகோதரர், சகோதரியின் கணவர் என்ற முறையில் மச்சான் அந்தப் பட்டியலில் உண்டு. சித்தப்பா, தாய்மாமா, ஒன்றுவிட்ட அண்ணன் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் வெளிநாட்டுக் குடிமகனுக்கு எந்த உறவும் செல்லாது, வழிகாட்டி வேண்டும். அந்தச் செலவு இப்போதெல்லாம் 20,000 டாலரைத் தாண்டுகிறது. வழிகாட்டி இல்லாமல் போகிறீர்கள் என்பதால், மச்சான் கையில் இருப்பது .338-ஆகவோ .375-ஆகவோ இருந்தால் நல்லது.

கேள்வி: தோட்டாப் பெட்டியில் ஒன்று மலிவு, ஒன்று இரண்டு மடங்கு விலை. கிரெய்ன் எண் இரண்டிலும் ஒன்றே. வித்தியாசம் உண்டா?

பதில்: நிறைய உண்டு. மலிவான குண்டு என்பது மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம், அவ்வளவுதான். மானுக்குப் போதும். கரடியின் கனத்த ரோமம், கொழுப்பு, தோள் எலும்பு எல்லாம் தாண்டி நுரையீரலுக்குப் போவதற்குள் அது சிதறிவிடக்கூடும். நோஸ்லர் பார்ட்டிஷனை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உறைக்கு நடுவே ஒரு செம்புச் சுவர் தெரியும். முன்பாதி காளானாக விரியும், சுவருக்குப் பின்னால் இருக்கும் ஈயம் சிதறாமல் உள்ளே துளைத்துக்கொண்டு போகும். ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேமும் இதே வழிதான். பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸில் ஈயமே இல்லை, முழுதும் செம்பு. .30-06-க்கு 200 அல்லது 220 கிரெய்ன் பார்ட்டிஷன், .338-க்கு 225 அல்லது 250, .375-க்கு 300 என்று வாங்குங்கள். பெட்டியில் ‘மேட்ச்’ என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். அது இலக்கு அட்டைக்கானது.

ஒரே லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) போட்ட பெட்டிகளை மொத்தமாக வாங்கி, அதிலேயே குறி சரிசெய்து, அதையே வேட்டைக்கும் எடுத்துப் போங்கள். பயிற்சியைப் பெஞ்சில் உட்கார்ந்து முடித்துவிடாதீர்கள். மண்டியிட்டு, முதுகுப்பையில் சாய்த்து, நின்றபடி சுடுங்கள், உடனே போல்ட்டை இழுத்து இரண்டாவது தோட்டாவையும் சுடுங்கள். கரடி விழுந்தபின்பும் அசைந்தால் சுட்டுக்கொண்டே இருப்பதுதான் அலாஸ்கா வழக்கம். தலையைக் குறிவைக்காதீர்கள். இலக்கு சிறியது, தவறினால் தாடையைத்தான் உடைக்கும். மண்டையோட்டையும் தோலையும் துறையிடம் காட்டி முத்திரை வாங்கவும் வேண்டும். குட்டியையும், குட்டியோடு இருக்கும் தாயையும் சுடக்கூடாது.

விமானத்தில் ரைஃபிள் காலியாக, பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் செய்யும் சாமான்களோடு போக வேண்டும். இறங்கியதும் ஒரு ரேஞ்சில் நாலைந்து தோட்டா சுட்டுக் குறியைப் பாருங்கள், ஸ்கோப் இடிபட்டிருக்கலாம். மழையில் குழல் வாயில் எலெக்ட்ரிகல் டேப் ஒட்டிக்கொள்வார்கள், அதோடு அப்படியே சுடலாம். காரில் கனடா வழியாகப் போனால் எல்லையில் துப்பாக்கி அறிவிப்புப் படிவமும் கட்டணமும் உண்டு.

கேள்வி: பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறேன். இங்கேயே கிரிஸ்லி வேட்டையாடலாமா?

பதில்: முடியாது. 2017 டிசம்பரிலேயே அங்கே விளையாட்டு வேட்டைக்குத் தடை வந்துவிட்டது. ஆல்பர்ட்டாவில் 2006-லேயே பொது வேட்டை நிறுத்தப்பட்டது. அலாஸ்கா நீங்கலான அமெரிக்க நிலப்பகுதியில் 1975 முதல் கிரிஸ்லி பாதுகாக்கப்பட்ட விலங்கு. கனடாவுக்குள் என்றால் யூக்கான் போன்ற வடக்குப் பகுதிகளில்தான் விசாரிக்க வேண்டும். ரைஃபிள் வாங்குவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.